ஒன்பதாம் நம்பர்

திருமயம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே எங்கேயோ, என் அண்ணன் மகளின் அலைனர், பல்லை நேராக்கப் போடுகிற பிளாஸ்டிக் உறை, காணாமல் போனது. பந்தியில் உட்காரும்போது மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் வாயிலிருந்து கழற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சாப்பிட்டதும் எல்லோரையும்போல இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். ஞாபகம் வந்து ஓடிவந்தபோது, மேசைமேல் விரித்திருந்த நீளத் தாளை ஒரு முனையிலிருந்து இலைகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த பந்திக்குத் தாள் விரித்து உப்பு வைத்தாயிற்று.

நானும் அவளும் மண்டபத்துக்குப் பின்னால் போய் ஒரு கம்பை வைத்துக் கிளறிப் பார்த்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அலைனரை மறைக்கலாம். முக்கால் மில்லிமீட்டர் கனம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், அதைச் சுற்றிய வெள்ளைத் தாள். எச்சில் இலைக் குவியலில் அது போல ஆயிரம் வெள்ளைத் தாள்கள்.

"ஒன்பதாம் நம்பர், சித்தப்பா. மூணு நாள்தான் போட்டிருந்தேன்" என்றாள்.

அந்த ஒன்பதாம் நம்பர் எங்கே பிறந்து, எந்த வழியாக அந்தக் குப்பைமேட்டுக்கு வந்து சேர்ந்தது என்று அன்றைக்கு ராத்திரி யோசிக்க ஆரம்பித்தேன்.

அவளுக்குத் தெத்துப்பல். மேல்வரிசையில் இடது கோரைப்பல் ஈறின் உச்சியில் தனியாக ஏறி நிற்கும், சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடப் படிப்பு முடிந்துவிட்டது. ஜப்பானில் இதை அழகென்று நினைத்து, இல்லாதவர்கள் பல் மருத்துவரிடம் காசு கொடுத்துச் செயற்கையாக வைத்துக்கொண்ட காலமும் இருந்தது. என் அம்மா, அவளுக்கு அப்பத்தா, கிளினிக் பேச்சு வந்த அன்றே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: "கருப்பருக்கே கோரைப்பல் வெளியதான் நிக்கிது. அவரு எந்த டாக்டரப் போயிப் பாத்தாரு?"

கோரைப்பல் வெளியே நிற்பதற்குக் காரணம் எளிது. மேல்வரிசையில் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் உள்ள நிரந்தரப் பற்களில் அதுதான் பெரும்பாலும் கடைசியாக முளைக்கும், பதினோரு பன்னிரண்டு வயதில். அதற்குள் மற்றவை இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். கடைசியாக ஏறினவர் பஸ் படிக்கட்டில் தொங்குகிற கதை. தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் அமைந்தவர்களுக்கு இது பரம்பரையாக வரும். இன்னொரு காரணத்தை நாம் வீட்டிலேயே உண்டாக்குகிறோம். 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று சொத்தையைக் கவனிக்காமல் விட்டு, பிறகு பிடுங்கி, சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிடுகிறோம். பால்பல்லின் பாதி வேலை, தனக்கு அடியில் வரப்போகிற பல்லுக்கு இடத்தைக் காத்து வைப்பது. அது காலத்துக்கு முன்பே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

புதுக்கோட்டை ராஜ வீதிகளில் ஒன்றில் இருக்கிற கிளினிக்குக்கு அவளோடு நானும் போனேன். அந்த வீதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொண்டைமான் அரசருக்குப் பக்கத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்ன் காலத்தில்தான் இந்த ஊர் நூல் பிடித்தாற்போல நேர்வீதிகளாக மறுபடி கட்டப்பட்டது. நெரிசலைப் பிரித்து வரிசையாக்குகிற வேலை இங்கே பழைய வேலைதான்.

மருத்துவர் ஒரு தடித்த பேனா போன்ற கருவியை வாய்க்குள் விட்டுச் சுற்றினார். ஐந்து நிமிடத்தில் திரையில் அவள் பல்வரிசை முழுதும் வந்து நின்றது. முன்பெல்லாம் மாவு போன்ற ஒன்றைத் தட்டில் பிசைந்து வாயில் வைத்து அழுத்தி அச்செடுப்பார்கள், பாதிப்பேர் குமட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எக்ஸ்ரேயும் எடுத்தார். வேர், எலும்பு, ஈறு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பல்லை நகர்த்தத் தொடங்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

எதற்கெல்லாம் இந்த அலைனர் ஆகும் என்று கேட்டேன். லேசான, நடுத்தரமான நெரிசலுக்கு ஆகும். முன்பல்லில் சந்து இருந்தால் மூடலாம், அது அதிர்ஷ்டச் சந்து என்று வீட்டார் விட்டால். எத்துப்பல்லை ஓரளவு உள்ளே இழுக்கலாம். மேல்வரிசை கீழ்வரிசையை முழுதாக மூடிக்கொண்டு கடிக்கிறவர்கள் உண்டு, கீழ்ப்பல் மேலண்ணத்தில் போய்க் குத்தும். அதையும் திருத்தலாம், நாளாகும். கடைவாய் கடித்தாலும் முன்பல் சேராமல் வாய் திறந்தே நிற்கிறவர்கள் உண்டு. சிறுவயதில் விரல் சூப்பியவர்களில் இது அதிகம், விரலில் வேப்பெண்ணெய் தடவுகிற பாட்டிகள் சும்மா தடவவில்லை. ஒரு பக்கம் மட்டும் மேல்பல் உள்ளேயும் கீழ்ப்பல் வெளியேயும் மாறிக் கடிப்பதும் உண்டு. 'வட்டமாக இருக்கிற பல் திரும்பி நின்றால் பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காது, அதற்குக் கம்பிதான்' என்றார். பல்லைப் பிடுங்கிப் பெரிய இடைவெளியை மூட வேண்டிய கேஸ்களிலும் அவர் கை கம்பிப் பக்கமே போகிறது. தாடை எலும்பே முன்னும் பின்னுமாக வளர்ந்திருந்தால், வளர்ந்த ஆளுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அந்த இடத்தில் அலைனர் விற்கிறவரை நம்ப வேண்டாம் என்று சிரித்தார்.

செலவு? அவள் மாதத் தவணையில் கட்டுகிறாள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். உலோகக் கம்பி பெரும்பாலும் இதைவிட மலிவு. ஊரிலேயே 2023 நவம்பரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், ஆண்டுக்கு 50 மாணவர்கள், சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் அடுத்து அரசு நடத்துகிற மூன்றாவது கல்லூரி. அது வருவதற்கு முன் இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குப் பல் வரிசை என்பது வசதியுள்ள வீட்டுப் பேச்சு. இப்போதும் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஸ்கேன் எடுத்த கோப்பு அன்று மாலையே கிளம்பி மும்பைப் பக்கத்து ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. கோப்பு போன பாதையைச் சொல்வதற்கு முன், இந்த யோசனை உலகத்துக்கு வந்த பாதையைச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி.

1945இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற சிற்றூரில் ஹெரால்ட் கெஸ்லிங் என்ற பல் மருத்துவர் ஒரு வேலை செய்தார். நோயாளியின் பல்வரிசையைச் சுண்ணமாவில் வார்த்தெடுத்து, ஒவ்வொரு பல்லாக அறுத்துப் பிரித்து, அவை எப்படி நிற்க வேண்டுமோ அப்படி மெழுகில் நட்டார். அந்த வரிசைமேல் ரப்பரால் ஓர் உறை செய்து நோயாளியைக் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். கம்பியை அவிழ்த்த பிறகு மிச்சமிருக்கிற சின்னக் கோணல்களைச் சரிசெய்ய அது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அடுத்தடுத்து இப்படி உறைகள் செய்தால் பெரிய நகர்த்தலும் முடியும் என்று அப்போதே எழுதி வைத்தார். ஆனால் ஒவ்வொரு படிக்கும் பல்லை அறுத்து நட்டுக்கொண்டிருக்க யாருக்குக் கை இருக்கிறது?

யோசனை ஐம்பது வருஷம் காத்திருந்தது. நடுவில் ரப்பர் போய் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வந்தது. 1983இல் சார்லஸ் ஹல் என்ற பொறியாளர், ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுகச் செய்து ஒரு பொருளை 'அச்சடித்தார்'. முதலில் வந்தது கண் கழுவுகிற ஒரு குட்டிக் கிண்ணம். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தத்தைப் பார்த்தவர் பல் மருத்துவரே அல்ல. ஜியா சிஷ்டி, லாகூரில் வளர்ந்தவர், வங்கி வேலையிலிருந்து ஸ்டான்போர்டுக்கு வணிகம் படிக்கப் போனவர். வளர்ந்த பிறகு கம்பி போட்டு, கழற்றியபின் பல் திரும்பிப் போகாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்திருந்தார்கள். சில நாள் போடாமல் சோம்பியிருந்தார். பல் நகர்ந்துவிட்டது. மறுபடி தகட்டை மாட்டினால் இறுகி வலித்தது, பிறகு பல் பழைய இடத்துக்கே வந்தது. பிடித்து வைக்கிற தகடே தள்ளவும் செய்கிறது என்றால், தள்ளுவதற்கென்றே வரிசையாகத் தகடுகள் செய்தால் என்ன? உடன் படித்த கெல்சி வர்த்தோடு சேர்ந்து 1997இல் அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்விசலைன் என்ற பெயர் அங்கே பிறந்தது.

ஒரு சோம்பேறித்தனத்தில் முளைத்த தொழில் என்று இதைச் சொன்னால் அண்ணன் மகளுக்குக் கோபம் வருகிறது.

கெஸ்லிங்கின் சுண்ணமாவுப் பற்களைக் கணினித் திரையில் அறுத்து நடுவதற்கு ஆள் வேண்டும். தொடக்க காலத்தில் அந்த வேலை லாகூரில் நடந்தது. அமெரிக்க வாய்களின் பற்களை லாகூர் இளைஞர்கள் திரையில் ஒவ்வொன்றாகப் பிரித்து நேராக்கினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை மாறி, கம்பெனி அங்கே கடையைக் கட்டிக்கொண்டு கோஸ்டா ரிகாவுக்குப் போனது. சிஷ்டியும் கம்பெனியை விட்டு வெளியேறி, 2005இல் ஆர்த்தோகிளியர் என்ற போட்டிக் கம்பெனி தொடங்கி, மறுபடி லாகூரிலேயே வேலையை வைத்தார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது, அடுத்த வருஷமே மூட வேண்டியதாயிற்று. பல்லுக்குக் காப்புரிமைச் சண்டை வேறு. அந்த முக்கியக் காப்புரிமைகள் 2017இல் தீரத் தொடங்கின, உலகம் முழுக்க ஆய்வகங்கள் முளைத்தன, இந்தியாவிலும்தான். அப்படி முளைக்காமலிருந்தால் ஒன்பதாம் நம்பர் புதுக்கோட்டை வரை வந்திருக்காது.

மும்பையில் யாரோ ஒருவர், பெயர் தெரியாது, என் அண்ணன் மகளின் பற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசியில் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, இருக்கிற இடத்துக்கும் போகிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் படிகளாக வெட்டினார். ஒரு படிக்கு அதிகம் போனால் கால் மில்லிமீட்டர். மொத்தம் பதினெட்டுப் படி. அது ஒரு காணொளியாக அவள் கைப்பேசிக்கு வந்தது. பத்து வினாடியில் கோரைப்பல் ஈறிலிருந்து இறங்கி வரிசையில் வந்து நின்றுகொள்கிறது, பஸ்ஸில் இடம் கிடைத்தவர்போல. மருத்துவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். ஒரு பல் அவ்வளவு திரும்பாது, இன்னொன்றுக்கு வேர் சாயும் என்றார். கணினியில் பல் எங்கே வேண்டுமானாலும் போகும், எலும்பில் போகாது.

கால் மில்லிமீட்டர் என்ற கணக்கும் சும்மா வந்ததில்லை. பல்லின் வேர் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு நார்களாலான ஒரு மெத்தை உண்டு. உறை தள்ளும்போது ஒரு பக்கம் அந்த மெத்தை நசுங்குகிறது. அங்கே எலும்பைத் தின்னும் செல்கள் வருகின்றன. மறுபக்கம் மெத்தை இழுபடுகிறது, அங்கே எலும்பு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. மெத்தையின் அகலத்துக்கு மேல் மிக அதிகமாக அமுக்கினால் ரத்தம் நின்று வேலையே நின்றுபோகும். பிளாஸ்டிக் தள்ளுவதோடு சரி. பல்லைக் கொண்டுபோய் வைப்பது இந்தக் கொத்தனார்கள்தான், அவர்களை அவசரப்படுத்த முடியாது.

ஆய்வகத்தில் ஒன்பதாம் படியின் பல்வரிசை முதலில் அச்சில் வந்தது, ஹல்லின் கண் கிண்ணம் வந்த அதே முறையில். அந்தப் பல்வரிசைக்குரிய வாய் அன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. நான்கு மாதம் கழித்துத்தான் அவள் வாய் அப்படி ஆக வேண்டும். அதன்மேல் அரை நிமிடம் போலச் சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை இறக்கிக் காற்றழுத்தத்தில் அமுக்கினார்கள். ஆறியதும் ஈறு விளிம்பை ஒட்டி வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து, நம்பர் பொறித்துப் பையில் போட்டார்கள். அச்சாக நின்ற அந்தப் பல்வரிசை அதோடு குப்பை. ஓர் உறைக்கு ஓர் அச்சு. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குயவர்கள் அய்யனாருக்குக் குதிரை செய்யும்போது அச்சை இப்படி எறிய மாட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்து, குதிரைக்கு அச்சே கிடையாது, கையால்தான் வளைக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

திருச்சி வந்து, கீரனூர் வழியாகக் கொரியர் வண்டியில் புதுக்கோட்டை. முதல் தவணையில் ஆறு ஜோடி, இரண்டாவதில் ஆறு. மருத்துவர் அவள் பற்கள் சிலவற்றில் பல்நிறப் பசையைக் கடுகளவு வைத்து நீல ஒளியில் இறுக்கினார். உறை வழுக்காமல் பிடித்துக்கொள்ள அந்தக் கடுகு. இடம் பற்றாத இரண்டு மூன்று பற்களுக்கு நடுவே மெல்லிய அரத்தகடு போட்டு, எனாமலில் 0.2, 0.3 மில்லிமீட்டர் தேய்த்தும் எடுத்தார். சத்தம் கேட்டு என் பல் கூசியது. அவளுக்கு வலிக்கவில்லையாம்.

அதிலிருந்து வீட்டில் நேரம் மாறிப்போனது. ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, பல் தேய்ப்பு எல்லாம். சூடான டீயை உறையோடு குடித்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். சர்க்கரை போட்ட எதுவும் உள்ளே தேங்கினால் பல்லை ஊறப்போட்டது போலத்தான், சொத்தை வரும். ஐந்து டீ குடிக்கிறவள் இரண்டுக்கு இறங்கினாள். வைகாசியில் வடகாட்டிலிருந்து பலாப்பழம் வந்தது. நாங்கள் போகும்போதும் வரும்போதும் ஒரு சுளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம். அவள் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் எட்டுச் சுளை தின்றுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பல்லக் கழட்டி வச்சிட்டுத் திங்கிறதுக்கு ஒனக்கு என்ன என் வயசாடி?" என்று அப்பத்தா கேட்பாள். குளியலறை ஜன்னலில் ஒரு டம்ளரில் அப்பத்தாவின் பல் செட், பக்கத்து டப்பாவில் பேத்தியின் அலைனர்.

புது நம்பர் போட்ட அன்று ராத்திரி முகம் சுளிப்பாள். இரண்டு நாள் இறுக்கம், சோறு மெல்லக் கஷ்டம். அலைனர் வாய்க்குப் பொருந்தாமல் இருக்கும்படி வேண்டுமென்றே செய்யப்படுகிற சாமான். அந்தப் பொருந்தாமைதான் தள்ளுகிறது. நாளாக ஆகப் பல் நகர்ந்து, பிளாஸ்டிக்கும் தளர்ந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் சட்டை மாதிரி வசதியாக உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தால் அதற்கு வேலை தீர்ந்தது. பதினாலாம் நாள் அடுத்த நம்பர்.

ஒன்பதாம் நம்பருக்கு அந்தப் பதினாலு நாள் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மருத்துவருக்குப் போன் செய்தோம். கடைசி நாட்களில் தொலைந்திருந்தால் நேராகப் பத்துக்குப் போகச் சொல்லியிருப்பாராம். மூன்றே நாள் என்பதால் எட்டாம் நம்பரை மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னார். முந்தைய ஜோடியைத் தூக்கிப் போடாதே என்று அவர் தலைபாடாகச் சொன்னது இதற்குத்தான். வெறும் வாயாக விட்டால் பல் பின்னால் நடக்கும், சிஷ்டிக்கு நடந்ததுபோல.

சாமான் போனாலும் அதன் கோப்பு மும்பையில் இருந்தது. அதே ஒன்பதாம் படி மறுபடி அச்சாகி, அதே தகடு மறுபடி சூடாகி, எட்டாவது நாள் இரண்டாம் பிறவி எடுத்த ஒன்பதாம் நம்பர் வந்தது. தனிக் கட்டணம்தான்.

இதை எழுதும்போது பெட்டிமூலம் தபாலில் பல் நேராக்கிய அந்த அமெரிக்கக் கம்பெனி ஞாபகம் வருகிறது. ஸ்மைல் டைரக்ட் கிளப் என்று பெயர். வாடிக்கையாளர் வீட்டிலேயே தன் வாயில் அச்செடுத்து அனுப்பலாம், உறைகள் தபாலில் வந்து சேரும். 2023 டிசம்பரில் அது ஒரேயடியாக மூடிக்கொண்டது. பாதி வழியில் பல்லை வைத்துக்கொண்டு நின்றவர்கள் யாருக்குப் போன் செய்திருப்பார்கள்? இப்படிப்பட்ட பெட்டி விளம்பரம் கைப்பேசியில் வரும்போதெல்லாம் நான் ராஜ வீதிக் கிளினிக்கின் படியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஏறிப் போய்ச் சண்டை போடவாவது ஒரு படி இருக்க வேண்டும்.

இப்போது பதினொன்று ஓடுகிறது. கோரைப்பல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. பதினெட்டு முடிந்தாலும் விடுதலை கிடையாது, ஈறு நார்கள் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் ராத்திரியில் தகடு போட வேண்டுமாம், வருஷக் கணக்கில். அதை மட்டும் அவள் இன்னும் அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பிறவியின் ஒன்பதாம் நம்பர், முன்னோர்கள் எட்டுப் பேரோடு, அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று கேட்டால் மக்காதது. அதற்கு மேல் அந்த வண்டிக்காரருக்கும் தெரியாது.

டப்பாவுக்கு மட்டும் வேறு வாழ்க்கை கிடைத்தது. கிளினிக்கில் இரண்டு டப்பா கொடுத்திருந்தார்கள், ஊதா ஒன்று, பச்சை ஒன்று. கல்யாண மண்டபத்துக்குப் பிறகு ஊதா டப்பா எப்போதும் அவள் கைப்பையில். பச்சை டப்பாவைக் காணோம் என்று தேடினால், அது அப்பத்தாவின் வெற்றிலை உரலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே சுண்ணாம்பு. காற்றோட்டத்துக்கு விட்டிருந்த துளைகளை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்திருக்கிறாள்.

"காயாம இருக்குடி" என்றாள். "இன்னொண்ணு குடுத்தா வாங்கிட்டு வா."